ஏழாம் நம்பர் மலையில் இங்கிலீஸ் பாட்டு

என் தம்பி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறான். போன வருடம் அங்கே தங்கிய வெள்ளைக்காரத் தம்பதி ஒரு பாட்டு சீடிக்காகச் சண்டை பிடித்து, கடைசியில் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்களாம். தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் வந்த பாட்டுகள். வரிசையில் நின்று வாங்கியவர்களே பிறகு திட்டினார்கள் என்று அந்தக் கணவர் தம்பியிடம் சொன்னாராம். தம்பி அதைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுவந்தான்.

ஒரு பாட்டும் லேசில் முடியாது. கிட்டார் மேல் கிட்டார். பாடுகிறவர் அதற்கும் மேலே கத்துவார். முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடியும் தொடங்குவார்கள்.

அப்போது ஏழாம் நம்பர் மலையில் சிறுத்தை நடமாட்டம் இருந்தது. காட்டை ஒட்டிய மலை அது. லயத்து நாய்கள் இரண்டைக் காணவில்லை. கொழுந்து பறிக்க இறங்குவதற்கு முன் பட்டாசு கொளுத்திவிட்டு, கொஞ்சம் பொறுத்து இறங்குவது எங்கள் வழக்கம். மழையில் பட்டாசெல்லாம் நமுத்துப்போனதால், கங்காணி எங்கள் வீட்டில் பேட்டரியில் ஓடும் பாட்டுப் பெட்டியை அந்த சீடியோடு கேட்டு வாங்கிக் காட்டோரப் பாறையில் வைத்தார். பட்டாசு வெடித்தால் சத்தம் உடனே அடங்கிவிடும். பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. நாங்கள் பறிக்கும்போதும் அது பாடிக்கொண்டே இருந்தது.

பெண்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தைரியமாக இருக்கிறது என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேருக்குத் தலைவலி. பக்கத்து நிரையில் பறிக்கும் அக்கா, "புலின்னா ஒரே கடியில முடிச்சிரும். இவன் முடிக்க மாட்டேங்கிறானே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

என் நிரை காட்டோரம். எனக்குத் தலைவலி இல்லை, பயம். இத்தனை வருடமும் அங்கே காதை நம்பித்தான் பறித்தேன். சருகு நொறுங்கினால், காட்டுக்கோழி கத்தினால், கை தானாக நிற்கும். இப்போது எதுவும் கேட்கவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் பத்து மணி வாக்கில் பனி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். பாறையில், பெட்டிக்குப் பக்கத்தில், அது உட்கார்ந்திருந்தது. பெட்டியை அது பார்க்கவில்லை. அந்தச் சத்தம் அதற்குப் பழகிவிட்டது. எங்களைத்தான் பார்த்தது, நிரை நிரையாக, ஒவ்வொருவராக.

கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் பாறையைப் பார்த்தார். பிறகு அடுத்தவள் கையைப் பிடித்தார். அப்படியே ஒருவர் கையை ஒருவர் பிடித்து ரோட்டுக்கு இறங்கினோம். பனிக்குள் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு இருந்ததால்தான் அது எங்கள் மேல் பாயவில்லை என்று அன்றைக்கே பாதிப் பேர் சொல்லத் தொடங்கினார்கள். மறுநாள் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது, எல்லார் முன்னாலும் கங்காணியிடம் சொன்னேன்.

"பொட்டி பாடுற மலைக்கு நான் வரமாட்டேங்கய்யா. எனக்குக் காது கேக்கணும்."

"பொட்டி இல்லாட்டி மத்தவங்க வரமாட்டாங்களேம்மா" என்றார் அவர்.

அக்காவோடு சேர்த்து ஆறு பேர் என்னோடு, கங்காணி பிரித்துக் கொடுத்த மூன்றாம் நம்பர் மலைக்கு வந்தார்கள். மற்றவர்கள் இன்னும் ஏழுக்குத்தான் போகிறார்கள். பாட்டு இங்கே வரைக்கும் கேட்கிறது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை எங்கள் கைகள் கொழுந்தின் மேல் அப்படியே நின்றுவிடும். அங்கிருந்து வேறு சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.