ஈயம் வைத்த இடம்

மண்ணுக்குள் கிடந்த எந்த உலோகத்தைக் கொடுத்தாலும் அது இன்னதென்று சொல்லிவிடுவார் என்று, ரயில்வே பட்டறை ஃபிட்டர் குலசிங்கத்துக்கு மெல்பேர்ண் தமிழர் நடுவே ஒரு பெயர் இருந்தது. 1978இல் மெட்டல் டிடெக்டர் வாங்கிய பிறகு ஞாயிறு முழுக்கக் கடற்கரைதான். துருப்பிடித்த லாடத்தோடு பேசிய அளவுக்கு அவர் மனைவி பவளத்தோடு பேசியதில்லை.

அன்று பிரைட்டன் கடற்கரையில் டிடெக்டர் கூவிய இடத்தைத் தோண்டினார். ஒரு தாலிக்கொடி வந்தது. கொக்கியருகே சாம்பல் நிறத்தில் ஈயப் பற்று. தங்கத்துக்கு ஈயம் வைத்து ஒட்டுகிற மடையன் இந்த ஊரிலேயே ஒருவன்தான். போன வருடம் அதை ஒட்டியவர் அவரேதான். வங்கி லாக்கரில் பத்திரமாக இருக்கிறதென்று பவளம் சொல்லிக்கொண்டிருந்த கொடி அது.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் வைத்தார். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பவளத்தின் கை நின்றது.

"நீங்கள்தானே எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறனீங்கள். இது என்னெண்டு சொல்லுங்கோ," என்றாள்.

குலசிங்கம் அதை எடுத்துத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"பித்தளை," என்றார். "ஆரோ வேண்டாமெண்டு எறிஞ்சது."