ஹாலில் கேமரா கிடையாது

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கி மூன்றாவது வாரம். ஹால் சுவரின் மேல் மூலையில் புதிதாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. விளக்குக்கும் ஃபேனுக்கும் பைப் வரும் இடமெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த மூலையில் எதுவும் வர வேண்டியதில்லை.

"இங்கன எதுக்குத் தம்பி வெட்டியிருக்கீங்க?" என்று எலக்ட்ரீசியனைக் கேட்டேன்.

"கேமராவுக்குக்கா. அண்ணாச்சி சொன்னாவ. வாசல்ல ஒண்ணு, பின்சந்துல ஒண்ணு, மொட்டமாடியில ஒண்ணு, ஹால்ல ஒண்ணு."

அண்ணாச்சி என்றது என் கணவரின் அண்ணனை; நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஏறினால் இறங்க ஏழெட்டு மாதமாகும். அதனால் வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்ணனிடம் விட்டுப் போயிருந்தார். வீட்டில் நானும் எட்டாவது படிக்கும் மகளும்தான்.

எலக்ட்ரீசியன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அத்தான் கைப்பட வரைந்தது. நான்கு கேமராவுக்கும் கேபிள் போகும் வழியைச் சிவப்பு மையில் போட்டிருந்தார். நான் உட்கார்ந்து வேலை பார்க்கும் பின்னறைக்கு ஒரு கோடுகூட இல்லை. ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஷிப்பிங் ஆவணங்கள் தயாரிப்பவள் நான். எங்களுடையது பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு. ஒன்றரை அடிச் சுவர். ஹாலில் இருக்கும் ரூட்டரின் வைஃபை அதைத் தாண்டிப் பின்னறைக்கு வருவதற்குள் செத்துப்போகும். எத்தனையோ நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடி, நின்றபடியே ஃபைல் அனுப்பியிருக்கிறேன். அத்தானே அதைப் பார்த்திருக்கிறார். இருந்தும், என்னைப் பார்ப்பதற்குக் கேபிள் உண்டு. நான் வேலை பார்ப்பதற்குக் கிடையாது.

"ஹால்ல எடுக்கதெல்லாம் எங்க தெரியும்?"

"அண்ணாச்சி போன்ல வார மாதிரி செட் பண்ணச் சொன்னாவ." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேலைய நிப்பாட்டுங்க. நாளைக்கு வேற படம் தாரேன்."

"நாளைக்குப் பூச்சுக்காரர் வந்துருவாருக்கா."

"அதுக்குள்ள தாரேன்."

அன்று மத்தியானம் டேப்பை வைத்து வீடு முழுக்க அளந்தேன். ரூட்டரிலிருந்து பின்னறை மேஜைக்கு ஒரு கேபிள், மகளின் அறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. கேமரா மூன்றும் வீட்டுக்கு வெளியே. கேமராப் படம் பதிவாகும் பெட்டி என் அறை அலமாரியில். எலக்ட்ரீசியன் முதலில் தயங்கினார். பிறகு அவரே தாளை வாங்கி, கரண்ட் வயரும் நெட் கேபிளும் ஒரே பைப்பில் போகக்கூடாது என்று திருத்தினார். "வெளிய இருக்க ஜாயிண்ட்டயெல்லாம் மூடின பெட்டிக்குள்ள வச்சிருவோம்க்கா. இல்லன்னா உப்புக் காத்துக்கு ஆறே மாசத்துல செம்புக் கம்பி பச்சை புடிச்சிரும்."

சாயங்காலம் கணவர் போன் செய்தார். சொன்னேன்.

"அண்ணன் நல்லதுக்குத்தான சொல்லுதான்," என்றார்.

"கப்பல்ல ஒங்க கேபினுக்குள்ள கேமரா இருக்கா?"

"டெக்குல இருக்கு, இன்ஜின் ரூம்ல இருக்கு. கேபினுக்குள்ள எவன் வைப்பான்?"

"இது எங்க கேபின்."

"சரி, ஹால்ல வேண்டாம். நீயே அவன்ட்ட சொல்லிரு," என்றார். அவர் சொல்ல வேண்டியதை என்னிடம் தள்ளிவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது. சொல்லிக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன்.

மறுநாள் காலையில் அத்தான் திரேஸ்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். புதுப் படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரக் கேட்டு மாத்துன?"

"என் வீடுதான அத்தான். யாரக் கேக்கணும்?"

"ஏளா, ரெண்டு பொம்பளையாளுவ தனியா இருக்கிய. பாதுகாப்புக்குத்தான் சொல்லுதேன்."

"திருடன் வெளிய இருந்துதான வருவான்? வெளிய மூணு கேமரா இருக்கு. ஹாலுக்குள்ள இருக்கது நானும் ஒங்க தம்பி மகளும். இதுல யாரு திருடி?"

"நாலு பேரு வந்து போற எடம்..."

"யாரு வாரா, யாரு போறான்னு தெரியணும்னா என்கிட்ட நேரா கேளுங்க. பதில் சொல்லுதேன்."

அவர் தம்பிக்குப் போன் போட்டார். இரண்டு தடவை போட்டும் கிடைக்கவில்லை. கப்பல் நடுக்கடலுக்குப் போயிருக்க வேண்டும். எலக்ட்ரீசியன் கையில் உளியோடு நின்றார். பூச்சுக்காரரிடம் அந்த மூலையைப் பூசிவிடச் சொன்னேன். அவர் அத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அசையவில்லை.

சாரம் தாழ்வாகத்தான் போட்டிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். சட்டியிலிருந்து கலவையைக் கையால் அள்ளி அந்த வெட்டுக்குள் அப்பினேன். பாதி கீழே விழுந்தது. மறுபடி அள்ளி அப்பினேன்.

"எறங்குங்கம்மா, நான் பூசுதேன்," என்று பூச்சுக்காரர் கரண்டியை எடுத்தார். திரும்பிப் பார்த்தபோது ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அத்தான் எட்டிப் பார்க்கவில்லை. மிச்ச வேலையை நானே நின்று முடித்தேன். நான் வீட்டுக்குள் எதையோ மறைக்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் பேச்சு சுற்றியது. ஒரு கல்யாண வீட்டில் அது என் காதிலேயே விழுந்தது. வலிக்கத்தான் செய்தது. அதற்காக யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. பின்னறையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஃபைல்களை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கணவர் லீவில் வந்தபோது, அவரைப் பார்க்க அத்தானும் வந்தார். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில், "வாசல் கேமராவயாவது என் போன்ல போட்டுக் குடு," என்று தம்பியிடம் கேட்டார்.

"வேண்டாம் அத்தான்," என்றேன். "எப்ப வேணும்னாலும் வாங்க. பெல் அடிச்சா நானே கதவத் தெறக்கேன்."

அத்தான் தம்பியின் முகத்தைப் பார்த்தார். கணவர் மீன் முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, நிமிராமலே சொன்னார்: "அவ சொல்லுததுதான்ண்ணே சரி."

அன்றைக்கு அண்ணனிடம் போனிலேயே சொல்லியிருக்க வேண்டியது. மாதங்கள் கழித்தாவது அவர் வாயிலிருந்து வந்தது.