தொண்டை கட்டிய ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சி கடைவீதியில் வியாபாரிகள் கூட்டம் போடுவதற்கென்று வைத்திருக்கும் மாடி ஹாலில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் முதலில் வெட்கமாக இருக்கும். அப்புறம்தான் சிரிப்பு வரும்.

அதற்கு முன்பு நான் சென்னையில் ஒரு பெரிய ஜவுளி நிறுவனத்தில், விற்பனை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். கணவருக்குக் கள்ளக்குறிச்சிதான் சொந்த ஊர். இங்கே மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மகளும் அவரோடு இங்கேதான். நான் மட்டும் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டலில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருவேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒருநாள் நான் லீவு போட்டு வந்திருந்தபோது, மகளுக்கு ஸ்கூலில் இருந்து வரும்போதே காய்ச்சல். வாசலில் நான்தான் நின்றிருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய், உள்ளே இருந்த அவளுடைய அத்தையின் மடியில் படுத்துக்கொண்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, பழக்கம் அப்படி. ஆனால் அன்றைக்கே எனக்குச் சென்னை கசந்துவிட்டது.

அந்த அத்தை என் கணவரின் அக்கா, என் நாத்தனார். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். கடைவீதியில் ஜாக்கெட் தைக்கும் கடை. பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் வேலையை விட்டு இங்கேயே பிசினஸ் கோச் ஆகப் போகிறேன் என்று சொன்னதும் அவர்தான் முதலில் எதிர்த்தார். “மாசமானா சம்பளம் வர்ற வேலைய வுட்டுட்டு இன்னாத்துக்கு இது? புள்ளைய நாங்க பாத்துக்கறோம், நீ போயிட்டு வந்துக்கினு இரு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் என் பிள்ளையோடு இருப்பது இவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

வீட்டு முன்னால் ‘பிசினஸ் கோச்’ என்று சின்னதாக ஒரு போர்டு வைத்தேன். எங்கள் ஊரில் கோச்சிங் என்றால் அரசு வேலைப் பரீட்சைதான். போர்டைப் பார்த்து வந்தவர்கள் எல்லாம் குரூப் ஃபோர் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். கடைக்காரர்களுக்கு வியாபாரத்தை எப்படி நடத்துவது என்று வழிகாட்டுவேன் என்று விளக்கினால், “அதையெல்லாம் சொல்லித் தருவாங்களா?” என்று நல்ல மனதோடு ஆச்சரியப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சென்னை நிறுவனத்திலோ, மாதக் கடைசி வரைக்கும் என் இடத்தை அப்படியே வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஒரு வாடிக்கையாளர்கூட வராவிட்டால் திரும்பிப் போய்விடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கடைசியில் எங்கள் கடைவீதி வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் மனம் இரங்கினார். ஒரு ஞாயிறு மதியம் இலவசமாக ஒரு வகுப்பு எடுங்கள், பிடித்திருந்தால் மூன்று மாதம் வாரா வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆடி என்பதால் கல்யாணம் கிடையாது, கடைக்காரர்களும் வந்து உட்காரத் தயாராக இருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே கதவு அதுதான்.

பயிற்சி கொடுத்துப் பழகியவள்தான் என்றாலும், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் பேசுவது என்றதும் நடுக்கம் வந்துவிட்டது. பேசிப் பார்க்கலாம் என்றால் வீட்டில் முடியாது. நான் வாயைத் திறந்தால் ஹாலில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். அதனால் சனிக்கிழமை கணவரின் பைக்கில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போனோம். ஆள் இல்லாத ஒரு அருவிப் பக்கம் இறங்கி, தண்ணீர் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று கையை வீசி வீசிப் பேசினேன். ‘உங்களால் முடியும்’ என்று அருவியைப் பார்த்து எத்தனை தடவை கத்தியிருப்பேனோ தெரியாது.

விறகு எடுக்க வந்த ஒரு மலைக்கார அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என் கணவரிடம் போய், இது எந்த சாமி என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். இவரும் சிரிக்காமல், “இன்னும் சொல்லலீங்க” என்றிருக்கிறார். அந்த அம்மா இடுப்பில் முடிந்திருந்த விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டுப் போனார். இறங்கும்போது வழியெல்லாம் மழை. ஒதுங்க இடம் இல்லாமல் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை எழுப்ப வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், மிளகைக் கடித்தேன், சுக்குக் கஷாயம் குடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது.

கணவர் செயலாளருக்கு போன் போட்டு வேறு ஞாயிறு கேட்கலாம் என்றார். அதற்குள் விஷயம் தெரிந்து நாத்தனார் வந்துவிட்டார். “மொத கூட்டத்தையே தள்ளி வெச்சீங்கனா அப்புறம் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். இவ எழுதி வெச்சத நீ படிடா” என்று தம்பியிடம் சொன்னார். நான் தோற்பதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். மனம் அப்படித்தான் ஓடியது, என்ன செய்ய.

மதியம் ஹால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஹார்டுவேர் கடை, ஸ்வீட் ஸ்டால், ஃபேன்சி ஸ்டோர், உரக்கடை என்று தெரிந்த முகங்கள்தான். நாத்தனார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் எழுந்து, எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னார். கணவர் லேப்டாப் பக்கத்தில் நின்று, என் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிப்பது போல வாசித்தார். பாவம், ஒரு வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டார்.

வகுப்பின் முதல் வேலையாக நான் வைத்திருந்தது இதுதான்: ஒவ்வொருவராக எழுந்து, போன வருடம் தங்கள் கடையில் கிடைத்த பெரிய வெற்றியையும், அடுத்த வருட இலக்கையும் சொல்ல வேண்டும். சென்னையில் இதைச் சொன்னால் போதும், முண்டியடித்துக்கொண்டு எழுந்து பேசுவார்கள், கைதட்டல் பறக்கும்.

இங்கே உரக்கடைக்காரர் எழுந்தார். “மழையே கம்மிங்க. வெற்றிக்கு எங்க போறது?” என்று உட்கார்ந்துவிட்டார். ஸ்வீட் ஸ்டால்காரர், “ஏதோ ஓடிக்கினு இருக்குதுங்க” என்றார். ஹார்டுவேர் கடைக்காரர் அப்போதுதான் புதிதாக மாடி எழுப்பி, கண்ணாடிக் கதவு போட்டிருந்தார். ஊருக்கே தெரியும். அவரும் “நமக்கு நஷ்டந்தாங்க” என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சிலர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். டீ குடித்துவிட்டு வருவதாக இரண்டு பேர் எழுந்து போனார்கள். கணவர் என்னைப் பார்த்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு ராத்திரியே பெட்டியை அடுக்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பிறந்த ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். அறுவடை முடிந்து, எத்தனை மூட்டை கண்டது என்று யார் கேட்டாலும் அப்பா, “வூட்டுக்கு ஆச்சு” என்று மட்டும்தான் சொல்வார். களம் நிறைய நெல் குவிந்திருக்கும்போதும் அதே பதில்தான். நல்லது நடந்ததை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் திருஷ்டி பட்டுவிடும். அப்படிப்பட்ட மனிதர்களை, அதுவும் எதிர்க்கடைக்காரரைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று பெருமை பேசச் சொன்னால் எப்படிப் பேசுவார்கள்? இந்த மண்ணில் பிறந்துவிட்டு இதை நான் யோசிக்கவே இல்லை.

எழுந்து போய் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதினேன்: ‘உங்கள் கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல் திரும்பிப் போன ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.’

யாரும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. குரல் இருந்திருந்தால் அந்த மௌனத்தை நான் விட்டிருக்கவே மாட்டேன். ஒரு ஜோக், ஒரு உதாரணம், ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கதை என்று கொட்டி நிரப்பியிருப்பேன். அன்றைக்கு வழியில்லை. மார்க்கரைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

கடைசி வரிசையில் என் நாத்தனார் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன்.

“நானே சொல்றேன். ரிஷிவந்தியத்துல இருந்து ஒரு பொண்ணு முகூர்த்த ஜாக்கெட் தைக்கக் குடுத்துது. சொன்ன தேதிக்கு நான் குடுக்கல. ரெண்டு தடவ வந்து கடை வாசல்ல நின்னுட்டுப் போச்சு. கடைசில வேற யாரோட ஜாக்கெட்டயோ போட்டுக்கினு மணையில உக்காந்துதாம். அதுலருந்து அந்த ஊர்க்காரங்க யாரும் என் கடைப்பக்கம் வர்றதில்ல. போய் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துது, போவல.”

எங்கள் வீட்டில்கூட யாருக்கும் தெரியாத விஷயம் அது. கணவர் அக்காவை வாய் பிளந்து பார்த்தார். தன் கடையின் பெயர் கெடுமே என்றுகூடப் பார்க்காமல் ஊர் முன்னால் அதைச் சொல்லிவிட்டு, அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. லாபத்தைச் சொல்ல வாய் வராதவர்கள் குறையைச் சொல்ல ஒருவரை ஒருவர் முந்தினார்கள். குறைக்குத் திருஷ்டி கிடையாதே. நான் பலகையில் ‘ஏன்?’ என்று எழுதினேன். அதற்குப் பதில் வந்ததும் ‘அப்புறம்?’ என்று எழுதினேன். பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றி விரலால் காட்டிக்கொண்டிருந்தேன். நஷ்டம் என்று சொன்ன ஹார்டுவேர் கடைக்காரர் தானே எழுந்தார். மண்வெட்டி, கயிறு வாங்க மலையில் இருந்து வருகிறவர்கள் இப்போதெல்லாம் வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். நான் ‘ஏன்?’ என்பதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “டைல்ஸுங்க. சேத்துக்காலோட உள்ள வர கூச்சப்படறாங்க. செருப்ப கழட்டி கையில வெச்சிக்கினு நிக்கறாங்க” என்றார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே புரிந்தது போல இருந்தது. உடனே ஸ்வீட் ஸ்டால்காரர், மண்வெட்டியையும் கயிற்றையும் கதவுக்கு வெளியே எடுத்து வைத்து, உட்கார ஒரு பெஞ்சும் போடுங்கள் என்று யோசனை சொன்னார். டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து, உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் நின்று கேட்டார்கள்.

நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த படங்களில் ஒன்றுக்கு மேல் காட்டவே இல்லை. சாயங்காலம் கடை திறக்கும் நேரம் ஆனதால்தான் கூட்டம் கலைந்தது. போகும்போது ஹார்டுவேர் கடைக்காரர் என்னிடம் வந்து கைகூப்பி, “ரொம்ப நல்லா பேசினீங்கம்மா. இந்த மாதிரி யாரும் பேசி நான் கேட்டதில்ல” என்றார். முழு மனதோடுதான் சொன்னார். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். செயலாளர் அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். நான் பலகையில் ‘இதே நேரம்’ என்று எழுதிக் காட்டினேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்பு அறிந்ததில்லை.

வீட்டில் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லக்கூடக் குரல் இல்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “தெனமும் காத்தால தல பின்ன புள்ள என்கிட்டதான் வருவா. நீ வந்துட்டன்னு அத மட்டும் நிறுத்திடாதம்மா” என்றார். சென்னைக்கே போ என்று அவர் சொன்னது சம்பளத்துக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டேன் என்று அழுகை வந்தது.

மகளின் நோட்டில், ‘அம்மா இனிமேல் ஹாஸ்டலுக்குப் போக மாட்டேன்’ என்று எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தவள், “அப்ப ஞாயித்துக்கிழம பெட்டி எடுக்க மாட்டியா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். அவள் வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

நாத்தனார் அடுத்த வாரமே ரிஷிவந்தியத்துக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பெண் முதலில் முகம் கொடுக்கவில்லையாம், பிறகு காபி கொடுத்தாளாம். எனக்குக் குரல் திரும்ப ஒரு வாரம் பிடித்தது. இன்றைக்கு சின்னசேலம், உளுந்தூர்பேட்டை என்று பல ஊர்க் கடைக்காரர்களோடு உட்காருகிறேன். ஒரு கேள்வியைக் கேட்டதும் அறை முழுக்க அமைதியாகிவிட்டால் முன்பெல்லாம் எனக்கு உதறல் எடுக்கும். இப்போது, யாரோ ஒருவர் எழுந்து நிற்கத் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிவதால், வாயை மூடிக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கிறேன்.