டிவியைப் பார்த்து இளைக்க வந்த செல்வராணி அக்கா

ஜிம் மாஸ்டர்களுக்கு ஜனவரியை விட்டால் இன்னோர் அறுவடைக் காலம், டிவியில் எடை குறைப்புப் போட்டி ஓடும் மாதங்கள். கொடைக்கானல் குளிரில் போர்வையை விட்டு எழுவதே பெரிய பயிற்சி. அந்த நிகழ்ச்சி பன்னிரண்டு பேரை எழுப்பி என்னிடம் அனுப்பியது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு மீதியைச் சொல்லவா வேண்டும்?

திட்டுங்க மாஸ்டர்

பன்னிரண்டு பேரில் ஒருவர் செல்வராணி அக்கா. ஏரிப் பக்கம் சாக்லேட் கடை வைத்திருப்பவர். எடை தொண்ணூற்று நாலு கிலோ. சர்க்கரை இப்படியே ஏறினால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொன்னதில் மிரண்டுபோயிருந்தார். டிவியில் கோச் திட்டுகிறார், போட்டியாளர் அழுகிறார், இளைக்கிறார். ஆகவே தன்னையும் திட்டச் சொன்னார். எனக்குத் திட்டிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நிற்காமல் ஓடும்படி முடிந்தவரை அதட்டினேன். அக்கா டிரெட்மில்லையே நிறுத்திவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரு சோறு கேக்குறதே இதவிட அதட்டலா இருக்கும் மாஸ்டர்."

நானூறு கிராம்

முதல் வாரம் நானூறு கிராம் குறைந்தது. எனக்குச் சந்தோஷம். ஆனால் டிவியில் ஒரு பெண் அதே வாரம் ஆறு கிலோ குறைத்திருந்தாள். அவர்களுக்கு அங்கே வேறு சோலியே கிடையாது என்று விளக்கியும் அக்கா சமாதானமாகவில்லை. மூன்று நாள் ஆளையே காணோம்.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். டிவியில் அந்தப் பெண் மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணீரைத் துடைத்தபடி முந்திரி போட்ட சாக்லேட்டை மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் மறைக்கவில்லை.

"அந்தப் புள்ள ஓடுறதப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது மாஸ்டர், அதான் ஒரு தெம்புக்கு."

நிகழ்ச்சி முடிந்த மறுநாள்

இறுதிச் சுற்றில் அந்தப் பெண்தான் ஜெயித்தாள். மறுநாளே ஜிம் காலி. பதினோரு பேர் போர்வைக்குள் திரும்பிவிட்டார்கள். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பனியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வெள்ளனே வந்து நின்றார் செல்வராணி அக்கா. நிகழ்ச்சிதான் முடிந்துவிட்டதே என்றேன்.

"இம்புட்டு நாளு அந்தப் புள்ள எனக்கும் சேத்து ஓடுச்சு. இனி நான்தான ஓடணும்."

பழனிப் படி

ஏழு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தது. இப்போதைக்கு ஊசி வேண்டாம், மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னதும் அக்கா பழனிக்குக் கிளம்பினார், துணைக்கு நானும். எப்போதும் இழுவை ரயிலான விஞ்சில் மலையேறுகிறவர், அன்றைக்கு மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து எழுந்து, படியேறியே உச்சிக்குப் போனார். சாமி கும்பிட்டு வந்து, ஏறி வந்த படிகளை எட்டிப் பார்த்தார். எனக்கே கண் கலங்கியது. பாராட்ட வாயெடுத்தேன், மூச்சுதான் வாங்கியது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரொம்ப எளைக்கிறீங்களே மாஸ்டர், எறங்குறப்ப நீங்க வேணா விஞ்சுல போங்க."

டிவியைப் பார்த்து மனுஷன் திருந்துவானா என்று என்னைக் கேட்டால், கட்டாயம் திருந்துவான், அதை அணைத்த பிறகு.