டாக்டரிடம் சொல்லாததை ரோட்டில் சொன்னேன்

தொண்ணூறுகளின் கடைசி அது. சண்டை வடக்கில நடந்தாலும் கொழும்புல எங்கயாவது குண்டு வெடிச்சா, அடுத்த நாளே கண்டி ரோட்டுல தமிழ் ஆளுங்கன்னு எங்களை பஸ்ஸை விட்டு இறக்கிருவாங்க. எனக்கு அப்ப இருபத்தி நாலு வயசு. கண்டி டவுன்ல ஒரு புடவைக் கடையில வேலை. வீடு கலஹாவுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையாக் கட்டின வீடுங்கள்ல ஒண்ணு. அக்கா, அத்தான், அவங்க ரெண்டு பிள்ளைங்க, நான், எல்லாரும் ஒரே காம்பராவுல, ஒத்தை அறையில இருந்தோம். எனக்குப் பதினொரு வயசா இருக்கையிலேயே அம்மா செத்துட்டாங்க. அதுக்கப்புறம் என்னைக் குளிப்பாட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி, ஆளாக்கினது அக்காதான்.

அம்மா எதுல செத்தாங்கன்னு யார் கேட்டாலும் எங்க வீட்டுல ஒரே பதில்தான். காய்ச்சல். உண்மை என்னன்னா, அம்மாவுக்கு மார்புல கட்டி வந்து அது புண்ணாகி, கடைசி ஆறு மாசம் காம்பராவை விட்டே வெளிய வரல. பெரியம்மா, அதான் அம்மாவோட அக்கா, வயிறு வீங்கிச் செத்தாங்க. அவங்களுக்கும் காய்ச்சல்னுதான் சொன்னோம். இந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படி ஒரு நோய் வருதுன்னு பேச்சுக் கிளம்பிட்டா, அப்புறம் யாரு பொண்ணு எடுப்பாங்க? அதனால பொய் சொல்றோம்னே எங்களுக்குத் தோணல. பேரு, ஊரு சொல்ற மாதிரி அதையும் சொல்லிப் பழகிட்டோம்.

அந்த வருஷம் அக்கா தண்ணி கொட்டுற பீலிக்குக் குளிக்கத் தனியாப் போக ஆரம்பிச்சிச்சு. எங்க தோட்டத்துல பொம்பளைங்க வேலை முடிஞ்சு வந்து நாலஞ்சு பேராத்தான் பீலிக்குப் போவாங்க. கதை, சிரிப்பு எல்லாம் அங்கதான். அக்கா மட்டும் எல்லாரும் திரும்பி வந்த பிறகு போகும். எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் பின்னாடியே போய் நின்னேன். இடது மார்புல கையை வச்சுப் பார்த்தா, உள்ளுக்குள்ள கோலிக்குண்டு அளவுல ஒரு கட்டி. "வலிக்கலடி, சும்மா விடு"ன்னு சொல்லிச்சு. அம்மாவும் முதல்ல அதைத்தான் சொன்னாங்க. அக்காவுக்கு முப்பத்தி மூணு வயசுதான் அப்ப.

கடையில லீவு எடுத்து, கண்டியில ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அக்காவுக்குச் சிங்களம் கடையில சாமான் கேட்டு வாங்குற அளவுக்குத்தான் வரும். அதனால டாக்டர் கேட்கிறதுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். கட்டியைப் பார்த்துட்டு, டாக்டர் கடைசியா ஒண்ணு கேட்டாரு. அம்மா, அம்மாவோட கூடப் பிறந்தவங்க யாருக்காவது மார்புலயோ அடிவயித்துலயோ இந்த மாதிரி வந்திருக்கான்னு கேட்டாரு.

நான் இல்லைன்னு சொல்லிட்டேன்.

யோசிச்சுச் சொன்னேனான்னு கேட்டா, இல்ல. வாயில தானா வந்திருச்சு. ஆனா முழுசா அப்படியும் சொல்ல முடியாது. தெல்தோட்டைப் பக்கமிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கிட்டிருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டும் போயிருந்தாங்க. ஆஸ்பத்திரியில பேசின பேச்சு நாம பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்குப் போயிரும்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்த நினைப்பும் உள்ளுக்குள்ள இருந்திச்சு. டாக்டர் கிளினிக் கொப்பியில ஏதோ எழுதிட்டு, வயசும் குறைவு, குடும்பத்துலயும் யாருக்கும் இல்ல, பயப்பட ஒண்ணுமில்ல, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாரு.

வெளிய போட்டிருந்த வாங்குல அக்காவை உட்கார வச்சுட்டு, குழாயில தண்ணி பிடிக்கப் போனேன். அங்க நின்ன ஒரு அம்மா என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. கெலிஓயாக்காரங்க, முஸ்லிம். எங்களுக்கு முந்தின நம்பர் அவங்களுது, காட்டிட்டு வெளிய வந்து கதவு கிட்டவே நின்னு டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் கேட்டிருக்காங்க. சுத்தி வளைக்காம, உங்க உம்மா இருக்காங்களா, இல்லாட்டி எதுல மவுத்தானாங்கன்னு கேட்டாங்க. காய்ச்சல்னு சொன்னேன்.

"எங்கட உம்மாவும் காச்சல்ண்டுதான் நாங்களும் செல்லிக்கிட்டு ஈந்த. தாத்தாவும் காச்சல்ண்டுதான் செல்லின. எனக்கு வந்த பொறகுதான் வெளங்கின, எங்கட வீட்டுல ஒருத்தருக்கும் காச்சல் வரல்லண்டு."

தாத்தான்னா அவங்க பேச்சுல அக்கா. எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்திச்சு. அவங்க விடல. சில குடும்பத்துல இது தாய் வழியாவோ தகப்பன் வழியாவோ இறங்கி வருமாம், மார்புலயும் வருமாம், அடிவயித்துல இருக்கிற சூலகத்துலயும் வருமாம். இதைக் கேட்டப்ப பெரியம்மாவோட வயிறு எனக்குக் கண்ணு முன்னாடி வந்து நின்னிச்சு. இப்படி அம்மாவையோ அக்காவையோ பறிகொடுத்த பொம்பளைங்க ஆறேழு பேர், தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் கிளினிக் நாள்ல அந்தக் குழாயடியில கூடுவாங்களாம். உள்ள போகப் பயப்படுற ஆளோட ஒருத்தர் கூடவே போவாங்களாம். அடுத்த கிழமை அக்காவைத் திரும்பக் கூட்டிட்டு வா, நான் கூட வர்றேன், டாக்டர்கிட்ட மாத்திச் சொல்லலாம், யாரும் ஏச மாட்டாங்கன்னு சொன்னாங்க. நான் தலையை ஆட்டினேன். போகவே கூடாதுன்னும் மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன்.

அந்த ஒரு கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்காவைப் பார்க்கத்தான் முடியல. டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருன்னு அது குஷியாத் திரியுது. பீலிக்கு மறுபடியும் எல்லாரோடயும் போகுது. ஞாயித்துக்கிழமை எனக்காக ரொட்டி சுட்டு, கட்டச் சம்பலும் அரைச்சு வச்சுது. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி அது சிரிக்குது, எனக்கு ஒரு வாய் இறங்கல. கடைசியில, நாளைக்கு இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காங்கன்னு மட்டும் சொன்னேன். உள்ள போனதும் என்ன சொல்லப் போறேன்னு அப்பவும் நான் முடிவு பண்ணல.

திங்கக்கிழமை காலையில தெல்தோட்டையில இருந்து வர்ற பஸ்ஸுல கலஹாவுல ஏறினோம். எங்க தோட்டத்துப் பொம்பளைங்க ஏழெட்டுப் பேரும் ஏறினாங்க. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க டவுனுக்கு வந்தாங்க. அது இல்லாம வெளிய தலைகாட்ட முடியாத காலம். அக்காகிட்டயும் தோட்டத்து ஒபிஸ்ல குடுத்த துண்டுச் சீட்டு மட்டும்தான் இருந்திச்சு. பஸ்ஸுல முன்னாடி சீட்டுல பார்த்தா, மாப்பிள்ளையோட சின்னம்மா. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

பேராதெனிக்கு வர முன்னாடி செக்பொயின்ட். எல்லாரையும் இறக்கினாங்க. பொம்பளைங்களைச் சாக்கு மறைப்புக்குள்ள ஒவ்வொருத்தரா அனுப்பி, ஒரு பொலிஸ்காரி உடம்பைத் தடவிப் பார்த்தா. எனக்கு முன்னாடி அக்கா போச்சு. உள்ளயிருந்து ஒரு சத்தம். கட்டி மேல கை பட்டதும் அக்கா பதறிப்போய் அவ கையைத் தட்டிவிட்டு, ரெண்டு கையாலயும் நெஞ்சை மூடிக்கிச்சு. அவ்வளவுதான். பொலிஸ்காரி கத்திக்கிட்டு வெளிய ஓடி வந்தா. உடம்புல குண்டைக் கட்டிக்கிட்டு வர்றாங்கன்னு எல்லாரும் பயந்து கிடந்த நேரம் இல்லையா? ரெண்டு ஆமிக்காரங்க மறைப்பைப் பார்த்துத் துவக்கை நீட்டிட்டாங்க. ஜனங்க எல்லாம் பின்னாடி ஓடுறாங்க. அக்கா உள்ள தனியா நின்னுக்கிட்டு, "இல்ல நோனா, இல்ல நோனா"ன்னு அந்தப் பொலிஸ்காரியைக் கூப்பிட்டுத் தமிழ்ல அழுவுது.

எனக்கு என்ன வந்துச்சோ, நான் முன்னாடி ஓடினேன். அது குண்டு இல்ல, கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சிங்களத்துல கத்தினேன். அவங்க நம்பல. கிளினிக் கொப்பியைக் கேட்டாங்க. நீட்டினேன். இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு ஒபிசர் வாங்கிப் புரட்டினாரு. இந்த வயசுல இந்த நோய் எப்படின்னு பொலிஸ்காரி கேட்டா. எங்க அம்மாவும் இதுலதான் செத்தாங்க, பெரியம்மாவும் செத்தாங்க, எங்க குடும்பத்துல இருக்குன்னு சொன்னேன். அந்த ஒபிசர் தலையை நிமிர்த்தி, குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு இங்க டாக்டர் எழுதியிருக்காரே, எது பொய்ன்னு கேட்டாரு.

துவக்கு இன்னும் இறங்கல. "அது பொய் சேர், நான்தான் டாக்டருக்குப் பொய் சொன்னேன். எனக்குக் கல்யாணம் பேசுறாங்க, அதனால சொன்னேன்"ன்னு சத்தமாச் சொன்னேன். சிங்களத்துல சொன்னது போதாதுன்னு தமிழ்லயும் அதையே சொல்லி அழுதிருக்கேன். பிறகுதான் மத்தவங்க சொல்லித் தெரியும்.

பொலிஸ்காரி மறுபடியும் உள்ள போனா. ரெண்டு நிமிஷம் இருக்கும், எனக்கு ரெண்டு வருஷம். வெளிய வரும்போது அவ முகம் வேற மாதிரி இருந்திச்சு. துவக்கை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினா. அக்காவோட சேலை முந்தானையை அவளே சரி பண்ணிவிட்டு, சீக்கிரம் போங்கன்னு சொன்னா.

திரும்பிப் பார்த்தா பஸ் நிக்குது. டிரைவர் ஹோன் அடிச்சுக்கிட்டே இருக்காரு, எங்க தோட்டத்துப் பொம்பளைங்க ஒருத்தி கூட ஏறல. அவ வராம நாங்க ஏற மாட்டோம்னு ரோட்டோரத்துல வரிசையா நிக்கிறாங்க. எங்க தோட்டத்துல ஒருத்திக்குப் பறிச்ச கொழுந்து குறைஞ்சு அரைப்பேர், அதான் அரை நாள் சம்பளம், விழும்போல இருந்தா, மத்தவங்க ஆளுக்கு ஒரு பிடி அவ பையில போட்டு முழுப்பேராக்கி விடுவாங்க. அப்படிப்பட்டவங்கதான் அவங்க. மாப்பிள்ளையோட சின்னம்மா மட்டும் முதல்லயே ஏறி உட்கார்ந்துட்டாங்க. என் பக்கம் திரும்பல.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பத்து மணி தாண்டிருச்சு. ஒன்பது மணியோட நம்பர் குடுக்கிறதை நிறுத்திருவாங்க. போச்சுன்னு நினைச்சுக்கிட்டு ஓடினா, குழாயடியில கெலிஓயா அம்மா எங்களுக்கு நம்பர் எடுத்து வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எங்க முறை வந்தும், பின்னாடி உள்ளவங்களை முதல்ல உள்ள விட்டுட்டுக் காத்துக்கிட்டிருந்திருக்காங்க. வருவோமா மாட்டோமான்னு எனக்கே தெரியாதப்ப, அவங்க எப்படி அப்படி நம்பி நின்னாங்களோ தெரியல.

உள்ள அவங்களும் வந்தாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். டாக்டர் ஏசல. பெரியம்மாவோட வயித்தைப் பத்தி ரெண்டு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாரு, பழைய வரியை வெட்டிட்டுப் புதுசா எழுதினாரு. அந்தக் கிழமையே கட்டியில ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாங்க. புற்றுநோய்தான். ஆனா பரவல. இன்னும் மூணு மாசம் விட்டிருந்தா இதே பேச்சைப் பேசியிருக்க முடியாதுன்னு சொன்னாரு. என்னையும் வருஷா வருஷம் காட்டச் சொன்னாரு.

அந்தத் திங்கக்கிழமை திரும்பி வந்து கலஹாவுல இறங்கினப்புறம்தான் அக்கா கேட்டுச்சு, முதல் தடவை டாக்டர் உன்கிட்ட என்னடி கேட்டாருன்னு. சொன்னேன். "எனக்குச் சிங்களம் விளங்கியிருந்தா நானும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்"னு சொல்லிச்சு. அதுக்குப் பதிலா என்னை ஏசியிருக்கலாம்.

சம்பந்தம் நின்னு போச்சு. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல, சும்மா நின்னு போச்சு. ஒப்பரேஷன் முடிஞ்சு அக்கா வீட்டுக்கு வந்த பிறகு லயத்துப் பொம்பளைங்க முறை வச்சுச் சமைச்சுக் கொண்டாந்தாங்க. அதுல ரெண்டு பேர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, தங்களோட அம்மாவுக்கும் காய்ச்சல் இல்லன்னு சொன்னாங்க. அவங்களையும் கூட்டிக்கிட்டு நானே குழாயடிக்குப் போனேன். அப்புறம் பல வருஷம் போனேன். கல்யாணமும் ஆச்சு, எல்லாத்தையும் முதல்லயே சொல்லித்தான் ஆச்சு.

அக்கா இன்னைக்கும் நல்லா இருக்கு. பேரப்பிள்ளையும் எடுத்துருச்சு. யார் வந்தாலும் என் தங்கச்சி கல்யாணத்தையே விட்டுக் குடுத்து என்னைக் காப்பாத்தினான்னு சொல்லும். நான் மறுத்துப் பேசுறதில்ல. ஆனா அன்னைக்கு ரோட்டுல யாரும் எங்களை நிறுத்தாம, துவக்கு நீட்டாம விட்டிருந்தா, அந்த டாக்டர் முன்னாடி போய் உட்கார்ந்து நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கு இன்னும் தெரியல, அதை நினைச்சுப் பார்க்கத்தான் இன்னைக்கும் எனக்குப் பயமா இருக்கு.