கடைக்கு மேலே ஒரு காலி ஃப்ரேம்

பூந்தமல்லியில் பழைய கோயிலைச் சுற்றிய தெருக்களுக்குப் புது விதி வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். கடை போர்டு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், மூன்றடி உயரத்தைத் தாண்டக் கூடாது, மொட்டைமாடியில் எதுவுமே நிற்கக் கூடாது. கோபுரம் மறையாமல் தெரியட்டும் என்று போட்ட விதி. எனக்குக் கோபுரம் இரண்டாம்பட்சம். கீழே எங்கள் பாத்திரக்கடை, மேலே வீடு. மாடிக் கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்து என் வீட்டுக்காரர் நிறுத்தியிருந்த போர்டு, காற்றடித்தால் வீட்டையே பிடித்து உலுக்கும். ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன்.

அவர் ஒழிக்கவில்லை. எங்கள் தெருவில் போர்டை இறக்கினால் கடையையே இறக்கியதாக அர்த்தம். ஆயுதபூஜையன்று கல்லாவுக்குப் பொட்டு வைக்கும் முன்பே ஏணி போட்டு ஏறி அந்த இரும்புக்குத்தான் சந்தனம் வைப்பார்.

"பூஜை போட்ட இரும்பு. கை வெச்சா கடை படுத்துக்கும்" என்றார்.

அதனால் ஃபிளெக்ஸை மட்டும் உரித்தெடுத்துவிட்டு ஃப்ரேமை அப்படியே விட்டார். தெருவில் பாதிப் பேருக்கு இதே மூளைதான் வேலை செய்திருந்தது. நகராட்சியிலிருந்து பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எழுத்து எதுவும் இல்லை, போய்விட்டார்கள்.

காலியாக இருப்பதை நம் ஊரில் யார் விட்டுவைப்பார்கள்? சீக்கிரமே ஏரியா ஆட்கள் சிலர் வந்தார்கள்.

"அண்ணாத்தே, மேல ஃப்ரேம் சும்மாதான கீது? எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பேனர் கட்டிக்கிறோம். முடிஞ்சதும் அவுத்துடுவோம்."

சொன்னபடியே அவிழ்த்தார்கள். அதில்தான் இவர் ஏமாந்தார். அப்புறம் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. பிறகு அவர்களுடைய பெரியவர் ஒருவர் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி பேனர் ஃப்ரேமைவிட அகலம், நடுவில் கைகூப்பிய பெரிய முகம். அது மட்டும் இறங்கவில்லை.

ஆடி பிறந்தது. காற்று அந்த முகத்தை உப்ப வைக்கும், பிறகு சட்டென்று உள்ளே இழுக்கும். ஒரு மத்தியானம் கைப்பிடிச் சுவரிலிருந்து செங்கல் ஒன்று பெயர்ந்து, கடைவாசலில் அவர் எப்போதும் உட்காரும் ஸ்டூல்மேல் விழுந்தது. நல்லவேளை, அவர் உள்ளே ஒரு குடத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தார். வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவர் நேராகப் போய், ஃப்ரேமை அறுத்து இறக்க வெல்டரைக் கூட்டிவந்தார்.

வெல்டர் ஏணியில் கால் வைக்கும் முன் பேனர் கட்டியவர்கள் வந்துவிட்டார்கள்.

"இன்னா நைனா, எங்க பெரியவர் மூஞ்சி மேல கை வெக்கிற? வருசம் திரும்பட்டும், நாங்களே அவுக்குறோம்."

குரலை உயர்த்தவேயில்லை. ஒருவன் அந்தச் செங்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினான். வெல்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புகார் கொடுக்கலாம் என்றேன்.

"குடுத்துட்டு இங்கியேதான கடை வெக்கணும்?" என்றார் இவர்.

இப்போதெல்லாம் காற்று எழுந்தால் அவரே ஷட்டரை இழுத்து மூடிவிடுகிறார். எந்தக் கடை படுத்துவிடக் கூடாதென்று அந்த இரும்பை விட்டுவைத்தாரோ, அந்தக் கடை பட்டப்பகலில் பூட்டிக் கிடக்கிறது. அத்தோடு மாடியேறி வந்துவிட்டாலாவது எனக்கு நிம்மதி. ஆனால் இந்த வெயிலுக்கு அந்தப் பேனர் வாசலில் நல்ல அகலமாக நிழல் போடுகிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதில் ஒதுங்குகிறார்கள்.

நேற்றும் காற்று எழுந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்த பெண்கள் மூடிய ஷட்டர் முன்னால் நின்றார்கள்.

"இங்க நிக்காதம்மா, அந்தாண்ட போ" என்று இவர் விரட்டினார். அவர்கள் நகர்ந்ததும் வேறு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களையும் விரட்டினார்.

"போதும், மேல வாங்க" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். மாடியில் போல்ட் கிறீச்சிட்டது. அவர் வரவில்லை. அந்த முகத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, அடுத்து வருகிறவர்களை வராதே என்று கையாட்டிக்கொண்டிருந்தார்.