கந்தகனின் நடை

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ஞானபாக்கியம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்க்கிறார். தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னாலும் அவர் பார்வை முதலில் அவர்கள் செருப்புக்குத்தான் போகும். தலைக்கனம் பிடித்தவர் என்று ஊரில் பேர். அதை அவர் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

பாவம், தொழில் அப்படி. ராஜபாளையம் சாலையிலுள்ள வீட்டில், சமையல் மேசையிலிருக்கும் எண்ணெய்த் தூக்கை நகர்த்திவிட்டு அவர் படக்கதை வரைகிறார். கந்தகன் என்கிற வில்லன் அவர் வளர்த்த பிள்ளை. கந்தகன் ஒரே ஆள் இல்லை, ஒரு முகமூடி. அதைப் போட்டிருக்கும் கூலிப்படைக்காரனைக் கொன்றுவிட்டு, அடுத்த கூலிப்படைக்காரன் எடுத்து மாட்டிக்கொள்வான். கதையில் வரும் போலீசுக்கு ஆள் மாறியது தெரியாது. வாசகருக்குத் தெரிய வேண்டும். முகம் மூடியாயிற்று, உடுப்பும் ஒன்றே. மிச்சமிருப்பது நடை. அதனால் ஒவ்வொரு கந்தகனுக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரின் நடையைத் திருடிக் கொடுக்கிறார். முதல் கந்தகன் வன்னியம்பட்டி ஆட்டு வியாபாரி ஒருவரைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொலை செய்யப் போவான். கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பேருந்தில் இதழைப் புரட்டும் பையன்கள், "ஏலே, ஆளு மாறிட்டான்" என்று முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இதைவிட என்ன விருது வேண்டும்?

இப்போதைய கந்தகனின் நடை அவருடைய கணவர் ஜெபமணியின் நடை. தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். தரையில் போனாலும், எந்த நேரமும் பிரேக் விழலாம் என்பதுபோலக் கால்களை அகட்டி, ஒரு தோளைச் சாய்த்துத்தான் போவார். போன ஆண்டு பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. அந்தப் பழைய நடை இன்று ஞானபாக்கியத்தின் தாள்களில் மட்டும்தான் இருக்கிறது.

பதிப்பாளர் ராக்கப்பன் போனில் பேசினார். கந்தகன் மாறி வெகு நாளாகிவிட்டது, இந்த இதழில் இவனைத் தீர்த்துவிடுங்கள் என்றார். ஞானபாக்கியம் சரி என்று சொல்லிவிட்டு, பென்சிலைச் சீவிச் சீவியே கட்டையாக்கினார். குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. சாகப்போகிறவனை வரைந்தாயிற்று, கொல்ல வருகிறவனின் இடம் வெள்ளையாகவே கிடந்தது. யார் நடையும் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பது வீட்டில் இருவருக்கும் தெரியும்.

நாற்காலியில் இருந்த ஜெபமணிதான் பேச்சை எடுத்தார்.

"ஏட்டி ஞானம், அவனக் கொன்னுரு. எம்புட்டு நாளுதான் எனக்காக அவன் நடப்பான்?"

"கொல்ல வாரவன் அவனவிடப் பெரிய ஆளா இருக்கணும்ல. அப்படி ஒருத்தன் இந்த ஊருல இல்ல."

ஜெபமணி கம்பை ஊன்றி எழுந்து, தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு கால் தரையில் அழுந்தப் பதிந்தது. மற்றது சிமெண்டைச் சுரண்டிக்கொண்டு மெல்லப் பின்னால் வந்தது. தாளிலிருந்து தலை தூக்காமல் ஞானபாக்கியம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஒருவரைக் கொல்ல வருகிறவன் ஓடி வர வேண்டியதே இல்லை.

"செத்த நில்லுங்க. திரும்ப அந்த வாசல் வரைக்கும் நடங்க."

"இந்தக் காலையா வரையப் போற?"

"இதைத்தான்."

ஜெபமணி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஞானபாக்கியம் தாளோடு தரையில் இறங்கி, அந்த இடது காலுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு, இன்னும் மெதுவாக என்று கையைக் காட்டினார்.